கேமராக் கடையில் "போலே கூராங்?"

(கோப்பெங்கில் பதிவு செய்யப்பட்ட "பேரம் பேசுவது உரிமையா, இழிவா?" என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒன்றைச் சொன்னார்கள். பசாரில் மீன் வாங்கும்போது ஐம்பது சென்னுக்காகப் பத்து நிமிடம் வாதாடுகிற நம் பிள்ளைகள், கண்ணாடி போட்ட குளிர்சாதனக் கடைக்குள் நுழைந்ததும் வாயடைத்துப் போகிறார்கள் என்றார்கள். நூற்றுக்கு நூறு உண்மை. ஐந்து வெள்ளி மீனுக்குப் பேரம் உண்டு, ஐயாயிரம் வெள்ளி கேமராவுக்குப் பேரம் இல்லை! இதை விட வேடிக்கை வேறு என்ன இருக்க முடியும்?

எனக்குக் கொடுத்த தலைப்பு கேமராக் கடை. இது என்ன பெரிய விஷயம், அரிசி, பருப்பு விலையைப் பேசாமல் கேமரா விலையைப் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். கோப்பெங் வட்டாரத்தில் கேமரா ஒரு விளையாட்டுப் பொருள் இல்லை. ஈயம் எடுத்து வாழ்ந்த ஊர் இது. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறின. லயன் வீடுகள் போயின. அங்கே பிறந்தவர்களுக்கு இன்று எஞ்சியிருப்பது என்ன? தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்த நாலு படங்கள், அக்காள் கல்யாண ஆல்பம், அவ்வளவுதான். அந்த வேலையை இன்று செய்கிறவர்கள் நம் இளைஞர்கள். கல்யாணம், பூப்பெய்தும் சடங்கு, காதணி விழா என்று வார இறுதியில் படம் பிடித்துக் குடும்பத்தைத் தாங்குகிற தம்பிகள் இங்கே பலர் இருக்கிறார்கள். குவா தெம்புருங் குகைக்கும், ரஃப்ளேசியா பூவைத் தேடி உலு கேரோவுக்கும் வருகிற பயணிகளைப் படமெடுத்துச் சம்பாதிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கேமரா என்பது அப்பாவுக்குப் பால்வெட்டும் கத்தி இருந்த மாதிரி.

அப்படிப்பட்ட ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயரும் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். இரண்டு ஆண்டு சேர்த்த பணத்தோடு கேமரா வாங்கப் போனார். மற்றக் கடைகளில் 4,199 வெள்ளி சொன்ன கேமராவை, இந்தக் கடையில் "போலே கூராங்?" என்று கேட்டுக் கேட்டு 3,799-க்குக் கொண்டு வந்து விட்டார். நானூறு வெள்ளி குறைந்து விட்டது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

பணம் கட்டப் போகும் நேரத்தில் கடைக்காரர் கேட்டார்: "லென்ஸுக்கு ஃபில்டர் போடாமலா கொண்டு போவீர்கள்?" அது 150. மெமரி கார்டு 180. பை 160. பிறகு "எக்ஸ்டெண்டட் வாரண்டி" என்று ஒரு காகிதம், 250. நானூறு குறைத்துக் கொடுத்த மனிதரிடம் இதற்கும் பேரம் பேசுவது நன்றி கெட்டதனம் என்று தம்பி நினைத்தார். மறுபேச்சு இல்லாமல் மொத்தம் 4,539 வெள்ளி கட்டினார்.

இப்போது கணக்குப் போடுவோம். அதே தரத்து ஃபில்டர் வெளியில் 40, கார்டு 90, பை 80. ஆக 210. முதல் கடையில் 4,199 கொடுத்து, இந்த மூன்றையும் வெளியில் வாங்கியிருந்தால் 4,409 தான் ஆகியிருக்கும். பேரத்தில் ஜெயித்த தம்பி 130 வெள்ளி அதிகமாகக் கொடுத்திருக்கிறார்!

கதை அதோடு முடியவில்லை. ஐந்தாவது மாதம் ஃபோகஸ் வேலை செய்யவில்லை. நிறுவனத்தின் சேவை மையத்துக்குக் கொண்டு போனால், இந்த வரிசை எண் மலேசியாவுக்கு வந்த கேமராவுடையது இல்லை, பழுதுபார்க்கக் காசு கட்டுங்கள் என்கிறார்கள். கடைக்காரர் "நாங்கள் அனுப்பிப் பார்க்கிறோம்" என்று வாங்கி வைத்து ஏழு வாரம் இழுத்தடித்தார். அந்த ஏழு வாரத்தில் மூன்று கல்யாணம். தம்பி வாடகைக் கேமரா எடுத்துக் கல்யாணத்தை ஒப்பேற்றினார்.

இந்தக் கதையில் எனக்குக் கோபம் வருவது கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. பேரம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதில்தான். கேமரா உடம்பின் மேல் எழுதியிருக்கும் அந்த ஒரு எண்ணைக் குறைப்பது மட்டும்தான் பேரம் என்று நினைக்கிறோம். கடைக்காரருக்கு அந்த எண்ணில் கிடைப்பது பெரும்பாலும் கொஞ்ச லாபம்தான். நாலு கடை ஏறி இறங்கி, கைப்பேசியில் தட்டிப் பார்த்து, கேமரா விலையை எல்லாரும் ஒப்பிட்டு விடுகிறார்கள். ஃபில்டர் விலையை யார் ஒப்பிடுகிறார்கள்? பை விலையை யார் ஒப்பிடுகிறார்கள்? லாபம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆகவே நாம் பேரம் பேச வேண்டியது ரசீதின் அடியில் வரும் மொத்தத் தொகையைப் பற்றி. அதற்கும் முன்னால், பெட்டிக்குள் இருப்பது என்ன என்பதைப் பற்றி.

பெட்டிக்குள் இருப்பதில் முதல் கேள்வி, "ஒரிஜினல் செட்டா, ஏ.பி. செட்டா?" என்பது. கைப்பேசி வாங்கிப் பழகிய நமக்கு இந்தச் சொல் புதிதல்ல. நிறுவனம் நியமித்த முகவர் வழியாக வந்தது ஒன்று. வேறு வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து தாங்களே கொண்டு வந்து இறக்கியது மற்றொன்று. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்த பொருளாகவே இருக்கலாம். ஏ.பி. செட் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. சில நூறு வெள்ளி மிச்சமாகிறது, பழுதானால் என் பாடு என்று தெரிந்து வாங்கினால் அது உங்கள் விருப்பம். ஆனால் ஒரு கடையின் ஏ.பி. விலையைக் காட்டி இன்னொரு கடையின் ஒரிஜினல் விலையைக் குறைக்கச் சொன்னால் அந்தக் கடைக்காரர் சிரிப்பார். ஏ.பி. செட்டை ஒரிஜினல் விலையோடு ஒப்பிட்டு "நானூறு குறைத்தேன்" என்று நாம் மகிழ்ந்தால், எல்லாரும் சிரிப்பார்கள். உத்தரவாத அட்டையில் யார் பெயர் இருக்கிறது, பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா, பழுதானால் எங்கே கொண்டு போக வேண்டும், இவற்றைக் கேட்டு விட்டுத்தான் விலையைக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள், அங்கே கேமரா மலிவு என்பார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் பர்மா பஜார் இருக்கிறது. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்பதற்காக 1969-இல் உருவான கடை வரிசை. ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கேமரா என்றால் அங்கேதான். பாதி விலையில் ஆரம்பிக்கும் பேரம், ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது. ஆனால் வாங்குகிறவருக்கும் அது தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். விலை குறைவதற்குக் காரணம் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. நம் ஊர் வம்பு என்னவென்றால், பளபளக்கும் கடையில், குளிர்சாதனக் காற்றில், பர்மா பஜார் சரக்கு கிடைக்கிறது. வாங்குகிறவருக்கு மட்டும் தெரிவதில்லை.

இந்தியாவில் பொட்டலப் பொருள்களில் அதிகபட்சச் சில்லறை விலையை அச்சடிக்க வேண்டும். அதற்கு மேல் விற்க முடியாது. இங்கே கேமராப் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. கடையில் விலை எழுதி வைக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். இருந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துக் கேமரா இருக்கும், இரண்டுக்குத்தான் விலைச்சீட்டு இருக்கும். முகத்தைப் பார்த்து விலை சொல்வதற்கு வசதி! விலைச்சீட்டு இல்லாத கடையில் நான் நிற்பதில்லை. அது என் பிடிவாதம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மலிவு விலை தூண்டில், லாபம் வேறோர் இடத்தில் என்கிற வித்தை உலகமெங்கும் உண்டு. சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் 2014 நவம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளி தன் காதலிக்காக 950 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு கைப்பேசி வாங்கினார். விலையில் அவருக்கு மனக்குறை இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு, உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி கட்டு என்றார்கள். அந்த மனிதர் கடையிலேயே மண்டியிட்டு அழுதார். திரும்பக் கிடைத்தது 400 வெள்ளி. அதே கடை அதற்கு முந்திய மாதம், இன்னொரு வாடிக்கையாளருக்கு நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன 1,010 வெள்ளியைச் சில்லறை நாணயங்களாகக் கொட்டிக் கொடுத்தது. உரிமையாளருக்கு 2015 நவம்பரில் 33 மாதச் சிறை கிடைத்தது. பாருங்கள், அந்தத் தொழிலாளி ஏமாந்தது பொருளின் விலையில் இல்லை, இரண்டாவது காகிதத்தில்.

ஹாங்காங்கில் சிம் ஷா சுய் பகுதிக் கேமராக் கடைகளில் இன்னொரு வகை. குறைந்த விலை சொல்லி முன்பணம் வாங்குவார்கள். பிறகு அந்தக் கேமரா கையிருப்பில் இல்லை, அதுவும் நல்ல கேமரா இல்லை, இதை வாங்குங்கள் என்று வேறொன்றை இரட்டை விலைக்குத் தலையில் கட்டுவார்கள். 2013 ஜூலை 19 முதல் அங்கே இது குற்றம். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தூண்டில் விளம்பரத்தைத் தடுக்கிறது. 12-ஆம் பிரிவு விலை பற்றித் தவறான எண்ணம் கொடுப்பதைத் தடுக்கிறது. சட்டம் இருக்கிறது, ஆனால் முன்பணத்தைக் கொடுத்து விட்டுச் சட்டம் பேசுவதை விட, பொருளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காமல் இருப்பது எளிது.

சரி, எப்படித்தான் பேசுவது? என் வழியைச் சொல்கிறேன். கோப்பெங்கிலிருந்து ஈப்போ சுமார் 20 கிலோ மீட்டர்தான். ஒரே நாளில் போய் வாங்கி வர வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். முதல் முறை போகும்போது பணத்தை வீட்டில் வைத்து விட்டுப் போங்கள். எனக்கு இன்ன கேமரா, இன்ன லென்ஸ், ஒரு பேட்டரி, ஒரு கார்டு, ஒரிஜினல் செட், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையை அங்கேயே விட்டு விடலாம். அந்தத் தாளோடு இன்னும் இரண்டு கடை ஏறுங்கள். இரண்டாம் முறை போகும்போது, கடைக்காரருக்கு நீங்கள் வேறு ஆளாகத் தெரிவீர்கள்.

விலை பேசும்போது குரலை உயர்த்த வேண்டாம், பொருளைக் குறை சொல்லவும் வேண்டாம். மாட்டுச் சந்தையில் மாட்டைக் குறை சொல்லலாம். தொழிற்சாலையில் செய்த கேமராவில் என்ன குறை காண்பீர்கள்? "தவுக்கே, கேமரா விலையில் உங்களுக்கு அதிகம் நிற்காது என்று எனக்குத் தெரியும். அதைக் குறைக்க வேண்டாம். ஒரு ட்ரை பாக்ஸும் கூடுதல் பேட்டரியும் சேர்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளியைக் குறைக்க மறுக்கிற பல கடைக்காரர்கள் பொருளாகக் கொடுக்கச் சம்மதிப்பார்கள். நூறு வெள்ளிக்கு விற்கிற பொருளின் அடக்கம் அவருக்கு அதை விடக் குறைவு. நமக்கோ முழு நூறு மிச்சம். ஆனால் வேண்டாத பொருளை இலவசம் என்று வாங்காதீர்கள். பீடம், பை, துடைக்கும் துணி என்று பத்துப் பொருள் இலவசமாகக் கொடுக்கும் கடையில், அந்தப் பத்தின் விலையும் கேமராவுக்குள்தான் இருக்கும்.

வட்டியில்லாத் தவணை என்று கார்டில் கட்டினால், அதற்காகக் கடை வங்கிக்கு ஒரு தொகை கொடுக்கிறது. ரொக்கமாகக் கட்டுகிறவர் அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

காலமும் விலையைக் குறைக்கும். புதிய மாதிரி வந்தால் பழைய மாதிரி இறங்கும், இது எல்லாருக்கும் தெரியும். கேமராவில் இன்னொரு பெரிய மாற்றம் 2018-இல் நடந்தது. அந்த ஆண்டு கேனன் 1987 முதல் இருந்த இ.எஃப். பூட்டை விட்டு ஆர்.எஃப். என்ற புதுப் பூட்டுக்கும், நிக்கான் 1959 முதல் இருந்த எஃப் பூட்டை விட்டு இசட் பூட்டுக்கும் கண்ணாடியில்லாக் கேமராக்களைக் கொண்டு வந்தன. அதனால் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களும் லென்ஸ்களும் விலை இறங்கி விட்டன. "பாதி விலைக்குத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால் அதில் அவருடைய தாராளம் குறைவு, சந்தை நிலவரம் அதிகம். கையில் பணம் குறைவாக உள்ள ஒரு தம்பி கல்யாண வேலை தொடங்க, பழைய டி.எஸ்.எல்.ஆர். இன்றைக்கும் தாராளமாகப் போதும் என்பதே என் கருத்து. புதுசுதான் வேண்டும் என்பதில் பாதி கௌரவப் பிரச்சினை.

பழையது வாங்கும்போது பேரத்துக்குப் பிடி அதிகம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். கேமராவைப் பொறுத்து ஒரு லட்சம், இரண்டு லட்சம் தடவை தாங்கும்படி செய்திருப்பார்கள். எண்பதாயிரம் தாண்டிய சாதாரணக் கேமராவுக்குப் பாதி ஆயுள் போய் விட்டது என்று விலை பேசலாம். லென்ஸ் வாங்கும்போது கைவிளக்கு எடுத்துப் போங்கள். லென்ஸின் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து முன்னால் பார்த்தால், சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் தெரியும். பூஞ்சைக் காளான். நம் சீதோஷ்ணத்தில், மழையும் புழுக்கமுமாக இருக்கிற பேராவில், அலமாரியில் வைத்த லென்ஸை அது சும்மா விடாது. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ஐம்பது வெள்ளிக்குக் கிடைக்கும் பழைய லென்ஸை ஆசையோடு எடுத்தவர்கள், வெளிச்சத்தில் பார்த்து விட்டுக் கீழே வைப்பதைப் பார்க்கலாம். அதனால்தான் இலவசமாகக் கேட்பதென்றால் பையைக் கேட்காதீர்கள், ட்ரை பாக்ஸைக் கேளுங்கள் என்கிறேன். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் லென்ஸ் பல ஆண்டு இருக்கும்.

ஒரு விஷயத்தில் என் நண்பர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கடைசி வெள்ளி வரை பிழிய வேண்டும் என்பார்கள் அவர்கள். சிறிய பட்டணத்தில் அது சரிப்படாது. கேமரா ஒரு முறை வாங்கி மறக்கிற பொருள் இல்லை. சனிக்கிழமை இரவு கல்யாணத்துக்கு முந்தி ஃபிளாஷ் கெட்டுப் போனால், கடை சாத்திய பிறகும் கதவைத் திறந்து இரவல் கொடுக்கிற தவுக்கே ஒருவர் வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். மற்ற இடத்தை விட ஐம்பது வெள்ளி அதிகம் என்றாலும் அவரிடமே வாங்குகிறேன். அதை நான் ஏமாறுவது என்று நினைக்கவில்லை, தெரிந்து கொடுக்கிறேன். தெரியாமல் கொடுத்த 130-க்கும் தெரிந்து கொடுக்கும் 50-க்கும் வித்தியாசம் இருக்கிறது.

பணம் கட்டியதும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு பேருந்துக்கு ஓடாதீர்கள். அங்கேயே திறந்து, மின்னூட்டி, பேட்டரி, வார் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியோடு வர வேண்டிய மின்னூட்டியைத் தனியாக விற்கிற கில்லாடிகளும் உண்டு. கடையின் இருட்டு மூலையில் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ரசீதில் மாதிரிப் பெயர், வரிசை எண், ஒரிஜினல் செட் என்ற சொல், எத்தனை மாத உத்தரவாதம், யாருடையது, இவ்வளவும் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய் விடும்.

"விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது" என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு தரும் உத்தரவாதம். அந்த உரிமையை ஒரு காகிதம் ஒட்டிப் பறிக்க முடியாது என்கிறது 6-ஆம் பிரிவு. கடைக்காரர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரைதான் கோர முடிந்தது. 2003-இல் அது 25,000 ஆகி, 2019-இல் 50,000 ஆனது. எந்தக் கல்யாணக் கேமராவும் அதற்குள் அடங்கி விடும். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

நான் சொன்ன தம்பி அங்கே போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அவர்கள் ரசீதில் 'கேமரா ஒரு செட்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள் அண்ணே, எதை வைத்துப் பேசுவது?" என்றார். வரிசை எண் இல்லை, மாதிரிப் பெயர் இல்லை, ஒரிஜினல் என்ற சொல்லும் இல்லை. அப்படியிருந்தாலும் போகச் சொல்லியிருக்கிறேன். பெட்டியும் உத்தரவாதக் காகிதமும் கைப்பேசியில் கடைக்காரர் அனுப்பிய விலைச் செய்தியும் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. மூன்று ஆண்டு இன்னும் முடியவில்லை. படிவத்தை நிரப்ப அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.